மஞ்சள் விளக்கில் இரண்டு பாட்டில்கள்

மூடியை இறுக்கித்தான் மூடினேன், அதில் சந்தேகமே இல்லை. மூன்று சுற்று, அப்புறம் உள்ளங்கையை மேலே வைத்து இன்னும் ஒரு அரைச் சுற்று, எப்போதும் செய்வதுபோல. எந்தப் பாட்டிலின் மூடி என்பதுதான் தெரியவில்லை. மதியம் மணி இரண்டு இருபது. சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும், ஆகவே இரண்டு பதினெட்டு. பம்பு தடதடவென்று ஓடுகிறது. எனக்கு எதிரே மேசைமேல், கவிழ்த்துவைத்த அண்டாவைப் போல ஒரு பெரிய கண்ணாடிக் கூடு. அதற்குள் நான்கு கண்ணாடித் துண்டுகள் தலைகீழாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. கூட்டுக்குள் இருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. காற்று போதுமான அளவு போனதும் உள்ளே இருக்கும் அலுமினியக் கம்பியைச் சூடாக்குவோம், அது ஆவியாகி மேலே போய்க் கண்ணாடியில் படியும், அதோடு எங்கள் திரை தயார். திரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதினாறு சின்னச் சதுரங்கள், மின்சாரம் கொடுத்தால் பச்சையாக ஒளிர வேண்டும், நாளைக் காலை பத்து மணிக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் முன்னால் ஒளிர வேண்டும். மூன்றாம் ஆண்டு முழுவதும் இந்தப் பதினாறு சதுரங்களில்தான் போனது. கூட்டில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவியின் முள் பாதியில் நிற்கிறது. அது பச்சைக்கோட்டைத் தொடும்வரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது. இதற்குப் பம்பு காவல் என்று பெயர். திடீரென்று மின்சாரம் நின்றால் பத்து விநாடிக்குள் வால்வை மூட வேண்டும், மூடாவிட்டால் பம்பிலிருக்கும் எண்ணெய் பின்னோக்கி ஏறிக் கூட்டுக்குள் வந்துவிடும். போன பருவத்தில் ஒருவன் டீ குடிக்கப் போனான், அன்று மின்சாரம் நின்றது, கூட்டைக் கழுவித் துடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதனால் காவலில் இருப்பவர் எழுவதில்லை. கூடு எப்போதாவது உள்நோக்கி நொறுங்கினால் முகத்தில் அடிக்காமலிருக்க நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு முகத்தடுப்பு, அதற்குள் என் மூச்சு எனக்கே வெப்பமாகத் திரும்பி வருகிறது. வெப்பம். பாட்டிலும் வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைக்கு உள்ளேயும் தெரிந்தது. ஆனால் அது ஒன்றையும் சொல்லாது, ஏனென்றால் நான் ஊற்றிய அமிலமே வெதுவெதுப்பானதுதான், அடுப்புத் தட்டிலிருந்து எடுத்து ஆறவைத்து ஊற்றினேன், சரியாக ஆறியிருக்காது. எந்தப் பாட்டிலில் ஊற்றியிருந்தாலும் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

முதலிலிருந்து யோசிக்கிறேன். பக்கத்து அறை மஞ்சள் அறை. கண்ணாடியில் கோடு பதிக்க நாங்கள் பூசுகிற ஒரு பிசின் வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், அதனால் அங்கே எல்லா விளக்கும் மஞ்சள், சன்னலுக்கும் மஞ்சள் தாள். உள்ளே போனால் நம் கை மஞ்சள், சுவர் மஞ்சள், நீலப் பேனாவின் எழுத்து கறுப்பு. அந்த அறையில்தான் நெடியை வெளியே அனுப்பும் புகைக்கூண்டு இருக்கிறது, கல்லூரிக்கே ஒன்றுதான், ஆகவே நெடி வரும் வேலை எல்லாம் அங்கே. கூண்டுக்குள் இரண்டு கழிவுப் பாட்டில்கள், பழுப்புக் கண்ணாடி, ஒரே அளவு, ஒரே கம்பெனியின் பழைய பாட்டில்கள். ஒன்றில் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கப் பயன்படுத்திய அமிலம், இன்னொன்றில் கண்ணாடியைக் கழுவிய அசிட்டோனும் ஸ்பிரிட்டும். வெள்ளைச் சீட்டு ஒட்டியது அமிலம். மஞ்சள் சீட்டு ஒட்டியது அசிட்டோன். சீட்டு வெட்டி ஒட்டியது நான். விடுதியில் என் கட்டிலில் உட்கார்ந்து, வெள்ளை டியூப்லைட்டின் கீழே, அளவுகோல் வைத்து வெட்டினேன், அழகாக இருந்தது. மஞ்சள் விளக்கில் வெள்ளைத் தாளும் மஞ்சள் தாளும் ஒன்றேதான் என்பது அங்கே கொண்டுபோய் வைத்த மறுநாளே தெரிந்தது. ரிஸ்வான் பார்த்துவிட்டுச் சொன்னான், "ஏ வதனி, ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு, எதுக்கு எந்தப் பேரு வச்சிருக்க?" அப்போதே மாற்றியிருக்கலாம். சீட்டில் எழுதியும் இருக்கிறதே என்று விட்டேன். எழுத்து ஆவி பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் வெளுத்துவிட்டது. அதனால் என்ன, இடம் இருக்கிறது, இடது பக்கம் அமிலம், வலது பக்கம் அசிட்டோன், கை பழகிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை கூண்டைத் துடைத்தார்கள். துடைத்தவர்கள் திரும்ப வைத்தார்கள். எப்படி வைத்தார்கள்? இன்று மதியம், காவலுக்கு உட்காரும் முன், நான் இடது பாட்டிலில் ஊற்றினேன். இடது பாட்டிலில்தான். இடதில் ஊற்றியது நினைவில் இருக்கிறது, இடதில் இருந்தது எது என்பது இல்லை.

இரண்டு முப்பது. முள் ஒரு கோடு இறங்கியிருக்கிறது. அமிலத்தை அசிட்டோனில் ஊற்றினால் என்ன ஆகும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள், சொன்னவர் அந்தோணிமிக்கேல் சார், சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மாணவராக இருந்தபோது ஒரு பாட்டில் அலமாரியில் சும்மா நின்றதாம். யாரோ ஊற்றிவிட்டு மூடி வைத்துப் போயிருக்கிறார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம், உடனே ஒன்றும் ஆகாது. முதலில் சும்மா இருக்கும், அரை மணி, ஒரு மணி, சில சமயம் அதற்கும் மேலே, பிறகு மெல்லச் சூடேறும், வாயு வரும், வாயுவுக்கு வெளியே போக வழி இருக்காது. "சாப்பாட்டு மணி அடிச்சுது, எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டோம், அதனாலதான் நான் இன்னைக்கு உங்க முன்னால ரெண்டு கண்ணோட நிக்கேன்" என்றார். திரும்பி வந்தபோது கூரையில் கண்ணாடித் துண்டுகள் குத்தி நின்றனவாம், பிடுங்க முடியாமல் அப்படியே வெள்ளையடித்துவிட்டார்களாம். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வெள்ளையடித்த கண்ணாடி எப்படி இருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன், பல்லைப் போல இருக்கும் என்று தோன்றியது. இப்போது அண்ணாந்து இந்த அறையின் கூரையைப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு மின்விசிறி, அது ஓடவில்லை, தூசி பறக்கும் என்பதற்காக நாங்கள் ஓட விடுவதில்லை.

தூசிதான் எங்கள் பகை. தூசியும் ஈரமும். இந்தத் திரையின் ஒளிரும் பூச்சு ஒரு தலைமுடியின் பருமனில் எழுநூறில் ஒரு பங்கு, அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் ஒரு மலை உட்கார்ந்த மாதிரி. போன அக்டோபரில் முதல் முறையாக ஒரு சதுரம் ஒளிர்ந்தது. பச்சை. அவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்லை. ரிஸ்வான் கைதட்ட ஆரம்பித்தான், தட்டி முடிப்பதற்குள் சதுரத்தின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி, ஊசிமுனை அளவு, பிறகு கடுகு அளவு, பிறகு மிளகு. எங்கோ ஒரு ஓட்டை வழியாக ஈரம் போகிறது, போன இடமெல்லாம் செத்துப்போகிறது. பதினோரு விநாடி. நான் எண்ணினேன். அன்றிலிருந்து எனக்கு எதையும் திறந்து வைக்க முடியாது. எல்லாவற்றையும் மூடு, இறுக்கி மூடு, பசை வைத்து மூடு, இந்தத் தொழிலே மூடுவதுதான். தண்ணீர்ப் பாட்டிலைக் கூட உள்ளங்கை வைத்து இன்னொரு அரைச் சுற்று சுற்றுகிறேன். அந்தக் கழிவுப் பாட்டில்களுக்கு முன்பு ஓட்டை வைத்த மூடிகள் இருந்தன. ஓட்டை வழியாக நெடி வந்தது, பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது, நான் சொன்னேன், ஓட்டை மூடி எதற்கு, நெடி வெளியே வந்தால் ஈரம் உள்ளே போகாதா. கழிவுக்குள் ஈரம் போனால் என்ன? அதை யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு நல்ல மூடிகளைத் தேடிப்பிடித்துப் போட்டேன். கூண்டின் மேல் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினேன்: பயன்படுத்தியபின் இறுக மூடவும். நல்ல கையெழுத்து. சார் கூடப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். ரிஸ்வான் ஒரு நாள் மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு வந்தான். அவனை எல்லார் முன்னாலும் கூட்டிக்கொண்டுபோய் அந்த அறிவிப்பைச் சத்தமாகப் படிக்க வைத்தேன். படித்தான். "ரெண்டாந்தரம் வாசிக்கவா, பிரின்சிபால் அம்மா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், அவன் காது மட்டும் சிவந்திருந்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கதவு திறக்கிறது. ரிஸ்வான்தான். கையில் மின்வழங்கிப் பெட்டி, இயற்பியல் துறையிலிருந்து இரவல் வாங்கி வருகிறான். பம்பின் சத்தத்துக்கு மேலே கத்துகிறான். "எங்க நிக்கி முள்ளு?" நான் விரலால் காட்டுகிறேன். "இன்னும் அங்கயா? கொஞ்சம் திட்டிப் பாரு, ஓடியே போயிரும், நீ திட்டினா எல்லாரும் ஓடுதாங்க." சிரிக்கிறான். சொல்லிவிடலாம். ரிஸ்வான், மஞ்சள் அறையில் இடது பாட்டிலின் சீட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வா என்று ஒரு வரி. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் அவன் அதைக் கையில் எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். அவன் கையில், அவன் முகத்துக்கு நேரே. அது வேண்டாம். அது வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்லவில்லை. உண்மையாகவா? அதைத் தொடாமல் சாரைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாமே. "மஞ்சள் ரூமுக்குப் போனியா?" என்று மட்டும் கேட்கிறேன். "இல்லையே, ஏன், அங்க எதையாவது மூடாம வச்சிட்டேனா?" என்கிறான். நான் இல்லை என்று தலையாட்டுகிறேன். பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறான். கதவு மூடிக்கொள்கிறது. அவன் கேட்டதில் கிண்டல் இருந்ததா, சும்மாதான் கேட்டானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், யோசிக்க வேண்டியது அதுவா.

இரண்டு நாற்பது. இந்த நாற்காலியிலிருந்து மஞ்சள் அறையின் நடுக்கதவு தெரிகிறது, அதில் ஒரு சதுரக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் கூண்டின் ஒரு மூலை. பாட்டில்கள் தெரியாது. அந்தச் சதுரம் அசையாமல் மஞ்சளாக எரிகிறது, ஏதோ ஒரு பெரிய திரையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் ஒளிர்வதுபோல. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி வருவதுபோல் தோன்றுகிறது. கண்ணைச் சிமிட்டினால் இல்லை. எழுந்து போனால் பன்னிரண்டு அடி. போய்ப் பார்த்து வர ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் மின்சாரம் நிற்குமா? நிற்கலாம். நேற்று இதே நேரத்துக்கு நின்றது. நின்றால் நான்கு துண்டும் போயிற்று, நாளைக்குக் காட்ட ஒன்றும் இல்லை. சாரைக் கூப்பிட்டால் சார் என்ன செய்வார்? அறையைப் பூட்டுவார், எல்லாரையும் வெளியே அனுப்புவார், பம்பை நிறுத்துவார். யார் ஊற்றியது என்று கேட்பார். அறிவிப்பை எழுதியவள் ஊற்றினாள். அது சரியான பாட்டிலாக இருந்துவிட்டால்? ஒன்றுமே இல்லாததற்குப் பம்பை நிறுத்தியவள் என்று பெயர். பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதிக்கு மேலேயே கூட, ஏனென்றால் துடைக்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். பெரும்பாலும். விடுதிச் சமையலறையில் உப்பும் சர்க்கரையும் எடுத்த இடத்திலேயா இருக்கின்றன? உதட்டின் மேல் வியர்வை, துடைக்க முடியவில்லை, முகத்தடுப்பு இருக்கிறது. எந்த நெடியும் வரவில்லை. பம்பு எண்ணெயின் நெடி மட்டும் வருகிறது, அது எல்லா நெடியையும் தின்றுவிடும்.

மூன்று மணிக்கு ஞானப்பூ அக்கா வருவார். ஆய்வகத்தைப் பெருக்குவது, கருவிகளைக் கழுவுவது, கழிவுப் பாட்டில்களைப் பின்கட்டிலிருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. ஒரு பாட்டிலை வாளிக்குள் வைத்துக் கையில் பிடித்துக்கொள்வார், இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொள்வார், குடத்தை வைப்பதுபோல. வாளியில் இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று இடிக்கும் என்பார். சார் பலமுறை சொல்லியிருக்கிறார், இடுப்பில் வைக்காதீங்க. "நாப்பது வருசமா இந்த இடுப்புல இருந்து ஒரு குடம் விழுந்ததில்ல சார்" என்பார். நேற்று மாலை வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். "ஏட்டி வதனி, ரெண்டு பாட்டிலையும் நாளைக்கு மூணு மணிக்கு எடுத்திருதேன். அந்த ஆசிட்டுப் பாட்டிலு கழுத்து வரைக்கும் வந்துட்டு, இன்னும் ஒரு வாய் ஊத்தினாலும் வழிஞ்சிரும்." சரிக்கா என்றேன். பிறகு அவர் என் வளையலைப் பற்றி ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். கழுத்து வரைக்கும். இன்னும் ஒரு வாய் ஊத்தினாலும். நான் இன்று ஊற்றியது ஒரு முழுக் குவளை. வழியவில்லை. புனலில் தேங்கக்கூட இல்லை. கடகடவென்று இறங்கியது, இடம் இருந்தது, நிறைய இடம் இருந்தது.

இரண்டு ஐம்பது. யாராவது காலையில் அமிலப் பாட்டிலை மாற்றிவிட்டுக் காலிப் பாட்டில் வைத்திருக்கலாம். இல்லை. காலிப் பாட்டில் எல்லாம் அக்காவின் அறையில், சாவி அவரிடம், அவர் மதியம்தான் வருவார். வேறு எப்படியும் இல்லை. எத்தனை தடவை திருப்பினாலும் கணக்கு அங்கேயேதான் வந்து நிற்கிறது. நான் அமிலத்தை அசிட்டோனில் ஊற்றினேன், நல்ல மூடி போட்டு மூடினேன், மூன்று சுற்று, அரைச் சுற்று, அதன்பிறகு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. எழுந்திரு. முள் பச்சைக்கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிற்கிறது. இன்னும் ஐந்து நிமிடம், கம்பியைச் சூடாக்க இரண்டு நிமிடம். அக்கா மூன்று மணிக்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. ஏழு நிமிடம் போக மூன்று நிமிடம் மிச்சம், ஓடிப்போய் வராந்தாவிலேயே அவரை நிறுத்திவிடலாம். அது இவ்வளவு நேரம் பொறுத்தது, இன்னும் ஏழு நிமிடம் பொறுக்காதா? இதை யோசித்தது நான்தான். வேறு யாரும் என் தலைக்குள் வந்து யோசிக்கவில்லை. தெரிந்த பிறகும் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கை வால்வின் மேல் இருக்கிறது, ஒழுங்காக, காவலில் இருப்பவரின் கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. மஞ்சள் சதுரத்தில் ஏதோ இருண்டது. சிமிட்டினேன். போகவில்லை. அது புள்ளி இல்லை. அது ஒரு தலை.

அக்கா வராந்தாப் பக்கமாக உள்ளே போயிருக்கிறார். நடுக்கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வருகிறார். வலது கையில் வாளி, வாளிக்குள் ஒரு பாட்டில். இடது இடுப்பில் இன்னொன்று. இந்த அறையில் வெள்ளை டியூப்லைட். இடுப்பிலிருக்கும் பாட்டிலின் சீட்டு, நான் அளவுகோல் வைத்து வெட்டிய சீட்டு, நல்ல மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள், யாரும் தவறவிட முடியாத மஞ்சள். அவர் வாய் அசைகிறது. பம்பு தடதடக்கிறது. அவர் குரலை உயர்த்துகிறார். "பேத்திக்குக் காய்ச்சல், சீக்கிரம் போணும், அதான் மின்ன வந்தேன். ஏட்டி, இது என்ன இன்னைக்கு இப்படிச் சுடுது?" நான் ஊற்றியது எப்போதோ ஆறியிருக்க வேண்டும். அசிட்டோன் சுடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நான் கத்துகிறேன், அக்கா கீழ வைங்க, முகத்தடுப்புக்குள் கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை. அவர் காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி இரண்டடி வைக்கிறார், பாட்டில் இடுப்பில் குலுங்குகிறது. வால்வைச் சுற்றி மூடச் சில விநாடி ஆகும். மூடிவிட்டு நிறுத்தினால் துண்டுகள் பிழைக்கும். என் கை வால்வை விட்டது. சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

பம்பு இருமி நின்றது. மதியம் முழுவதும் இருந்த சத்தம் ஒரே நொடியில் இல்லை. அந்த அமைதியில் ஒரு மெல்லிய சீறல், மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு நூலளவு இடத்திலிருந்து. இருவரும் கேட்டோம். அக்கா தலையைக் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"அசையாதீங்கக்கா. மூடியத் தொடாதீங்க. அதுல ஆசிட்டு இருக்கு. நான்தான் மாத்தி ஊத்திட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "கீழ வைக்கணும்னா குனியணுமே பிள்ள" என்றார். குனிந்தால் மூடி அவர் முகத்துக்கு நேரே வரும். நான் என் முகத்தடுப்பைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன், அவசரத்தில் அவர் காதோரம் கீறியது. வாளியை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். அக்கா முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தியபடியே, தண்ணீர் தளும்பாமல் குடம் இறக்குகிறவரைப் போல, இறங்கினார், இறங்கினார். பாட்டிலின் அடி தரையைத் தொட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கதவு எட்டடி. எண்ணினேன், எனக்கு எண்ணத்தான் தெரியும். ஆறாவது அடியில் சீறல் தடித்தது. ஏழாவதில் அவரைத் தள்ளினேன். எட்டாவதில் வராந்தாத் தரை என் கன்னத்தில் பட்டது, எங்களுக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது, அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

கதவுக் கண்ணாடி உடையவில்லை, விரிசல் விட்டிருந்தது. எங்கேயோ ஆள்கள் ஓடி வரும் காலடி. உள்ளே எண்ணெய் இப்போது ஏறிக்கொண்டிருக்கும், நான்கு துண்டுகளின்மேலும், பதினாறு சதுரங்களின்மேலும், கூடு இன்னும் இருந்தால். நான் விரிசலின் வழியாகக் கூரையைப் பார்க்கவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தடுப்பு கோணலாக நெற்றியில் இருந்தது. சேலைக்கு மேலே இடுப்பில் கையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"பாரு" என்றார். "இன்னும் சுடுது."